சேரிப் பள்ளிக்கூடத்தின் வரவு செலவு

(அண்ணல் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் பள்ளிக்கூடங்களைப் பற்றி நூறு ஆண்டுகளாக இரண்டு வாக்கியங்கள் சொல்லப்பட்டு வருகின்றன. ஒன்று, "பணம் இல்லை." மற்றது, "மக்கள் இதைத்தான் விரும்புகிறார்கள்." சமஸ்தானம், வெள்ளை அரசு, காங்கிரஸ் அரசு, இன்றைய ஒன்றிய அரசு என எல்லோரும் ஏதாவது ஒரு கட்டத்தில் இந்த இரண்டில் ஒன்றையாவது சொல்லியிருக்கிறார்கள். பணம் இல்லை என்று சொன்னபோது அது வேறெங்கே போய்க்கொண்டிருந்தது, மக்கள் என்று சொன்னபோது அந்தக் கணக்கில் யார் இருந்தார்கள் என்ற இரண்டு கேள்விகளை நாம் நிற்கும் இந்தப் புதுக்கோட்டை மண்ணிலிருந்து கேட்டுப் பார்ப்பதுதான் இந்த உரையின் நோக்கம்.

1. அம்மன் காசும் திரைச்சீலையும்

புதுக்கோட்டை 1948 மார்ச் 3 வரை தொண்டைமான்கள் ஆண்ட தனிச் சமஸ்தானம். அதன்பின் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டு, 1974 ஜனவரி 14 அன்று தனி மாவட்டமானது. சமஸ்தானத்தின் பெருமையாக இன்றும் பேசப்படுவது அம்மன் காசு. பிரகதாம்பாள் உருவம் பொறித்த அந்தச் செப்புக்காசு, நவராத்திரி நாட்களில் அரிசியோடு சேர்த்துத் தானம் வழங்குவதற்காக அடிக்கப்பட்டது. அந்தத் தானத்தின் முதல் உரிமையாளர்கள் பிராமணர்கள். கோயில்களுக்கும் சத்திரங்களுக்கும் பிராமணர்களுக்கும் படைத்தலைவர்களுக்கும் விடப்பட்ட இனாம் நிலங்கள் சமஸ்தானத்து விளைநிலத்தில் கணிசமான பகுதியைப் பிடித்திருந்தன. வெட்டியான் வேலைக்கும் பறையடிக்கவும் கூடத் துண்டு மானியங்கள் இருந்தன. ஆனால் அவை ஊழியத்தோடு கட்டப்பட்டவை. ஊழியம் செய்தால்தான் நிலம். மேல்சாதிக்குக் கிடைத்தது கௌரவம். நமக்குக் கிடைத்தது சாதித் தொழிலுக்கான கூலி.

வரலாற்று மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஓர் அரசு எதற்கு வரி விதிக்காமல் விடுகிறது என்பதும் செலவுதான். இனாம் என்பது அரசு வாங்காமல் விட்ட வருவாய். கருவூலத்தில் பணம் இல்லை என்று சொன்ன அதே ஆட்சியில், வருவாய் தர வேண்டிய நிலம் பரம்பரை பரம்பரையாக இனாமாக நின்றது.

இதே நகரத்தில்தான் 1886இல் முத்துலெட்சுமி பிறந்தார். தாய் இசை வேளாளர் மரபில் வந்தவர். தந்தை கல்லூரி முதல்வராக இருந்த பிராமணர். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் அவர் சேர விண்ணப்பித்தபோது நகரத்தின் "மக்கள் கருத்து" எதிராக நின்றது. பெண் என்பதும் தாயின் குலமும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அதை ஏற்காமல் அனுமதி தந்தார். வகுப்பில் மற்ற மாணவர்கள் பார்க்காதபடி திரைக்குப் பின்னால் அமர்ந்து படித்தார் முத்துலெட்சுமி. அன்றைய பொதுக்கருத்தை அப்படியே பின்பற்றியிருந்தால் டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி என்று ஒருவர் இருந்திருக்கமாட்டார். சேரிப் பெண்ணுக்கோ அந்தத் திரைக்குப் பின்னால்கூட இடம் இருக்கவில்லை. எதிர்ப்பதற்கே அவசியமில்லாதபடி அவள் கல்லூரி வாசலுக்கு வெகுதூரத்தில் நிறுத்தப்பட்டிருந்தாள்.

2. பதினான்கு அணா

சென்னை மாகாணத்தில் 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர் நிலைமை குறித்துத் தந்த அறிக்கையும், அதையடுத்து 1893இல் வந்த பஞ்சமர் கல்வி ஆணையும் நாம் அறிந்தவை. 1894இல் கர்னல் ஆல்காட் ஊரூரில் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கினார். அயோத்திதாசரும் இரட்டைமலை சீனிவாசனும் இதழ்களிலும் விண்ணப்பங்களிலும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் கேட்டது கருணையன்று. வரி கட்டும் மக்களுக்குரிய பங்கு. 1919-20க்குப் பிறகு தாழ்த்தப்பட்டோர் நலன் லேபர் கமிஷனரிடம் ஒப்படைக்கப்பட்டு, லேபர் பள்ளிகள் என்று தனிப் பள்ளிகள் எழுந்தன. இன்று ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் என்று நாம் சொல்பவற்றின் வேர் அங்கேதான் இருக்கிறது.

தனிப்பள்ளி ஏன் வந்தது? பொதுப்பள்ளி பொதுவாக இல்லாததால் வந்தது. அக்கிரகாரத்திலும் ஊர்த்தெருவிலும் கோயில் வாசலிலும் இருந்த பள்ளிக்குச் சேரிப் பிள்ளை நடந்துபோக முடியவில்லை. அரசுப் பணத்தில் நடந்த பள்ளியே ஒரு சாதியின் தனிச்சொத்தாக இருந்த நிலையில், கட்டடத்தை நம் தெருவுக்கே கொண்டுவரச் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது.

1927 மார்ச் மாதம் பம்பாய் சட்டமன்றத்தில் கல்வி மானியத்தின்மீது பேசிய அம்பேத்கர் உணர்ச்சி முழக்கம் செய்யவில்லை, கணக்குப் போட்டார். கல்விக்கு அரசு தலைக்கு 14 அணா செலவிடுகிறது. அதே தலைகளிடமிருந்து கலால் வரியாக இரண்டு ரூபாய்க்கு மேல் வசூலிக்கிறது. மக்களிடம் சாராயத்தின் வழியே வாங்குவதையாவது கல்வியாகத் திருப்பித் தரக்கூடாதா என்பது அவர் வாதத்தின் சாரம். 1942இல் வைசிராய்க்குத் தந்த மனுவிலும் இதே முறைதான். காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் தலா 3 லட்சம் ரூபாய் ஆண்டு மானியம் தரும் அரசு, பட்டியல் சாதியினரின் உயர்கல்விக்கு என்ன தருகிறது என்று கேட்டார். பணம் இல்லை என்ற பதிலுக்கு, யாருக்கு இருக்கிறது என்று காட்டுவதுதான் மறுமொழி என்பதை அவரிடமிருந்து நாம் கற்றோம். டாஸ்மாக் காலத்தில் நிற்கும் நமக்கு 1927ஆம் ஆண்டுக் கணக்கு பழசாகத் தெரியாது.

1929இல் ஹார்டாக் குழு அறிக்கை வந்தது. நம் ஊர் முத்துலெட்சுமி ரெட்டி அதில் ஓர் உறுப்பினர். முதல் வகுப்பில் சேரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் எழுத்தறிவு பெறும் முன்பே நின்றுவிடுகிறார்கள் என்ற உண்மையை அந்தக் குழு வெளிப்படுத்தியது. ஆனால் அது சொன்ன தீர்வு, பள்ளிகளைப் பெருக்குவதை நிறுத்தி இருப்பதைச் செம்மைப்படுத்துவது. சிறிய பள்ளி, ஓராசிரியர் பள்ளி, பயனற்ற பள்ளி என்று பட்டியல் போட்டால் அதில் முதலில் நிற்பது சேரிப் பள்ளிதான். 91 ஆண்டுகள் கழித்து வந்த தேசியக் கல்விக் கொள்கை 2020-ம் சிறிய பள்ளிகள் பொருளாதார ரீதியில் கட்டுப்படியாகாதவை என்கிறது; பள்ளி வளாகம் என்ற பெயரில் அவற்றைத் தொகுக்கச் சொல்கிறது. அதற்கு முந்திய பதிப்பை ஹார்டாக் அறிக்கையிலேயே படித்துவிடலாம்.

3. மூன்று மணி நேரம்

1953-54 கல்வியாண்டில் முதல்வர் இராஜாஜி கொண்டுவந்த மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வித் திட்டம் என்ற பெயரில் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அந்தப் பெயர் பெரியார் இயக்கம் இட்ட பெயர், பொருத்தமான பெயர். ஆனால் அந்தத் திட்டத்துக்குள் ஒரு நிதிக் கணக்கு இருந்ததை நாம் அதிகம் பேசுவதில்லை.

கிராமப்புறத் தொடக்கப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரப் படிப்பு. காலையில் ஒரு பிரிவு, பிற்பகலில் ஒரு பிரிவு. மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் பள்ளிக்கு வெளியே நின்ற காலம் அது. புதிய ஆசிரியர், புதிய கட்டடம் இல்லாமலேயே இரண்டு மடங்குப் பிள்ளைகளைச் சேர்க்க இதுவே வழி என்று அரசு சொன்னது. பணப் பற்றாக்குறையைச் சமாளிக்க யாருடைய வகுப்பு நேரம் வெட்டப்பட்டது? நகரத்துப் பிள்ளையின் நேரத்தில் கை வைக்கவில்லை. கிராமத்துப் பிள்ளையின் நேரம் பாதியானது. அந்த மீதி நேரத்தில் சாணி அள்ளுவதும் செத்த மாடு தூக்குவதும் பறை அடிப்பதும் கல்வி என்று பெயர் பெற்றன. அரசின் செலவு மிச்சமானது. அந்த மிச்சத்துக்கான விலையைச் சாதிப்படிநிலையின் அடியில் இருந்த பிள்ளை கொடுத்தது.

1953 ஜூலை இறுதியில் சட்டமன்றத்தில் திட்டத்தின்மீது நடந்த வாக்கெடுப்பு 138-க்கு 138 என்று சமமாக நின்றது. நிபுணர் குழுவுக்கு அனுப்பும் தீர்மானம் 139-க்கு 137 என்று நிறைவேறியது. பருலேகர் குழு அமைக்கப்பட்டது. தெருவில் திராவிடர் கழகமும் திமுகவும் கிளர்ச்சி நடத்தின. காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு மூண்டது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார்; மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது. ஒரு கல்விக் கொள்கையை மக்கள் கருத்து வீழ்த்திய இந்த வரலாறு தமிழ்நாட்டின் சொத்து. பொதுக்கருத்து என்பது தானாக விளைவதில்லை, கூட்டம் போட்டு, துண்டறிக்கை கொடுத்து, சிறைசென்று உருவாக்கப்படுவது என்பதையும் அது காட்டியது.

அடுத்து நடந்தது இன்னும் முக்கியம். பணம் இல்லை என்று சொன்ன அதே கருவூலத்திலிருந்து பள்ளிகள் எழுந்தன. 1956இல் மதிய உணவு தொடங்கியது. 1960களின் முதற்பாதியில் பள்ளி இறுதி வகுப்பு வரை கட்டணம் நீங்கியது. பணமில்லாமை பெருமளவு ஓர் அரசியல் முடிவாகவே இருந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அந்தக் காலத்தின் இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்கள் நிலமும் மேசையும் கரும்பலகையும் நன்கொடையாகத் தந்தார்கள். மதிய உணவும் முதலில் ஊரார் கொடையில்தான் தொடங்கியது. அதன் நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் நன்கொடை நிலமுள்ளவரிடமிருந்தும் கடையுள்ளவரிடமிருந்தும் வருவது. கூலிக்காரர் தெருப் பள்ளிக்கு யார் தருவார்? தந்தவருக்குப் பள்ளியில் ஒரு நாற்காலியும் கல்வெட்டில் ஒரு பெயரும் கிடைக்கும்போது, பள்ளி யாருடையது என்பதும் ஊருக்குள் முடிவாகிவிடுகிறது. 2022 டிசம்பரில் தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி" திட்டத்தையும் இந்தக் கேள்வியோடு பார்க்க வேண்டும். முன்னாள் மாணவர் வெளிநாட்டில் இருக்கும் பள்ளிக்கும், முன்னாள் மாணவர் செங்கல் சூளையில் இருக்கும் பள்ளிக்கும் ஒரே கொடை வராது. வரியிலிருந்து வரும் பணம் உரிமையாக வருகிறது. கொடை கொடுப்பவரின் விருப்பப்படி வருகிறது.

4. அறிவொளி தந்த பாடம்

இந்த மாவட்டம் நாட்டுக்குக் கற்றுக்கொடுத்த ஒன்று உண்டென்றால் அது 1991-92இன் அறிவொளி இயக்கம். மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தும் அறிவியல் இயக்கத்தாரும் ஆசிரியர்களும் இளைஞர்களும் சேர்ந்து நடத்தியது. கற்றவர்களிலும் கற்பித்தவர்களிலும் பெண்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். வீதி நாடகமும் பாட்டும் மாலை வகுப்பும் சைக்கிளும் ஒன்றாக வந்தன. பல்லாயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி நாடறியச் செய்தார். குடுமியான்மலைப் பக்கத்துக் கல்குவாரிப் பெண்களுக்குச் சைக்கிள், தண்ணீர் தூக்கவும் வேலைக்குப் போகவும் வகுப்பெடுக்கவும் ஒருசேர உதவியது. குவாரிக் குத்தகையே பெண்கள் குழுக்களுக்கு வந்தது. கையெழுத்துப் போடக் கற்றவள் அடுத்து மனு எழுதினாள். கூலிக் கணக்கைத் தானே சரிபார்த்தாள். 1992இல் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது.

இதை வெறும் பெருமைக் கதையாகச் சொல்லிவிட்டுப் போக நாம் விரும்பவில்லை. ஒரு வகையில் இது பொதுக்கருத்து பற்றிய மிகப்பெரிய சோதனை. "சேரிக்காரர்களுக்குப் படிப்பில் ஆர்வமில்லை", "கல்லுடைப்பவளுக்கு எழுத்து எதற்கு" என்ற பொதுப்புத்தி சில மாதங்களில் பொய்யானது. வகுப்பு நம் தெருவுக்கு, நம் வேலை முடிந்த நேரத்தில், நம்மில் ஒருத்தி சொல்லித்தர வந்தபோது மக்கள் வந்தார்கள்.

இன்னொரு வகையில் இது நிதி பற்றிய பாடம். அந்த இயக்கத்தைத் தாங்கியது தொண்டர்களின் ஊதியமில்லா உழைப்பு. அந்த உழைப்பு எந்த வரவு செலவிலும் எழுதப்படவில்லை. ஆட்சியர் மாறுவார், திட்டக்காலம் முடியும், தொண்டர் கூலி வேலைக்குத் திரும்புவார். முழு எழுத்தறிவு என்ற அறிவிப்பு ஒரு நாளில் முடிகிற காரியம். எழுத்தை மறக்காமல் வைத்திருக்கத் தேவையான நூலகமும் இரவுப் பள்ளியும் ஆண்டுதோறும் பணம் கேட்பவை. பெருந்தொற்றுக்குப் பிறகு 2021இல் வந்த இல்லம் தேடிக் கல்வியிலும் இதையே கண்டோம். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில், பெரும்பாலும் பெண்களாலேயே, மாலை வகுப்புகள் நடந்தன. ஏழைப் பிள்ளையின் கல்வி இடைவெளியை ஏழைப் பெண்ணின் மலிவான உழைப்பால் நிரப்புவது அரசுகளுக்குப் பழகிப்போன வழி. நிரந்தர ஆசிரியர் பணியிடம் கேட்கும்போது மட்டும் பணம் இல்லை.

5. நிறுத்தப்பட்ட பணம்

1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், 42ஆவது திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. அதன் முழுப் பொருள் நமக்கு 2024இல் விளங்கியது. சமக்ர சிக்ஷா திட்டத்தில் ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 என்ற விகிதத்தில் செலவிட வேண்டும். பிஎம் ஸ்ரீ பள்ளிகளுக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை. காரணம், அந்த ஒப்பந்தம் தேசியக் கல்விக் கொள்கையை முழுமையாக ஏற்கச் சொல்கிறது. அதற்காக 2024-25க்குரிய ஏறத்தாழ 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டது. அந்த ஆண்டு மாநில அரசு பள்ளிக்கல்விக்கு ஒதுக்கியது 44,042 கோடி. நிறுத்தப்பட்டது அதில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. 2025 மே மாதம் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் சென்றது.

இருபதில் ஒரு பங்குதானே என்று தோன்றலாம். அது எங்கே செலவாகிறது என்று பாருங்கள். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர், பகுதிநேர ஆசிரியர் ஊதியம், பெண் குழந்தைகளுக்கான உண்டு உறைவிடப் பள்ளி, தொலைவிலிருந்து வரும் பிள்ளைக்குப் பயணப்படி, பள்ளிக்கான பராமரிப்பு மானியம். இரண்டு அரசுகள் மோதிக்கொள்ளும்போது முதலில் நிற்கும் வண்டி, தொலைவில் இருக்கும் காலனிப் பிள்ளையின் வண்டி. கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடங்களுக்கான சேர்க்கையும் 2025இல் உரிய நேரத்தில் தொடங்கவில்லை. கல்வி உரிமைச் சட்டத்துக்கான பணத்தைக் கொள்கை ஏற்போடு இணைக்க வேண்டியதில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சுட்டிக்காட்டிய பிறகே அந்தப் பகுதிக்கான தொகை கொஞ்சம் அசைந்தது.

கொள்கையை ஏற்றால்தான் பணம் என்பது பழைய இனாமின் தர்க்கம். ஊழியம் செய்தால் மானியம்.

இந்தக் கொள்கைக்கு மக்கள் ஆதரவு உண்டு என்பதற்கு ஒன்றிய அரசு காட்டும் கணக்கு, இரண்டரை லட்சம் கிராம ஊராட்சிகள் வரை கலந்தாலோசித்தோம் என்பது. 2019இல் வந்த வரைவு 484 பக்கம்; முதலில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே கிடைத்தது. மும்மொழி குறித்த பகுதிக்குத் தமிழ்நாடு எதிர்ப்புக் காட்டியதும் மூன்றே நாளில் அது திருத்தப்பட்டது. திரண்ட கருத்துக்கு அவ்வளவு வலிமை உண்டு. ஆனால் பள்ளித் தொகுப்பு பற்றியும் நிதி பற்றியும் அப்படித் திரளவில்லை. அப்போது புதுக்கோட்டையில் 497 ஊராட்சிகள் இருந்தன. எந்தக் காலனியின் திண்ணையில் அந்த வரைவு வாசிக்கப்பட்டது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

6. நம் கருத்து என்ன?

ஒன்றிய அரசை மட்டும் கேட்டுவிட்டு அமர்ந்துவிட முடியாது. தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இருக்கின்றன. 2023 நிதிநிலை அறிக்கை, அவற்றைப் பள்ளிக்கல்வித் துறையின்கீழ்க் கொண்டுவரப்போவதாக அறிவித்தது. நாங்குநேரி வன்முறைக்குப் பின் அமைக்கப்பட்டு 2024 ஜூனில் அறிக்கை தந்த நீதிபதி சந்துரு குழுவும் பள்ளிகளின் பெயரிலிருந்து சாதி நீங்க வேண்டும், நிர்வாகம் ஒன்றாக வேண்டும் என்றது.

இதில் நமக்குள்ளேயே இரண்டு கருத்துகள் உண்டு. சாதிப் பெயர்ப் பலகையின்கீழ் எதற்குப் படிக்க வேண்டும் என்பது ஒன்று. லேபர் பள்ளிக் காலத்திலிருந்து போராடிப் பெற்ற கட்டடமும் நிலமும் விடுதியும் பணியிடமும் பொதுத் துறைக்குள் கரைந்துபோகும், பட்டியல் சாதியினருக்கான துணைத்திட்ட நிதி பொதுச் செலவாகிவிடும் என்பது மற்றொன்று. இரண்டும் அனுபவத்திலிருந்து பிறந்தவை. பெயர் மாற்றத்தை நாம் ஏற்கிறோம். ஆனால் நிதி ஒழுக்கு அடைபடாமல் இணைப்பு நடந்தால் இழப்பு நம்முடையது. 2024இல் தமிழ்நாடு இயற்றிய பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் இதற்கு ஒரு பிடிமானம். பள்ளி இணைந்தாலும் அதற்குரிய பங்கு தனிக்கணக்கில் தெரிய வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் வழியே நாம் கேட்க வேண்டும்.

பொதுப்பள்ளி என்ற சொல்லையும் சோதிக்க வேண்டும். 2022 டிசம்பரில் நம் மாவட்டத்து வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்களுக்கான குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரிய வந்தது. முதலில் நோயுற்றுப் படுத்தவை பிள்ளைகள். அரசுப் பணத்தில் கட்டிய தொட்டி நம் தெருவில் நின்றுவிட்டால் மட்டும் அது பாதுகாப்பானதாகிவிடாது. பள்ளிக்கும் இது பொருந்தும். நிதி வந்தால் போதாது. அந்த நிதியின்மீது நம் கண்ணும் கையும் இருக்க வேண்டும்.

கண்ணும் கையும் எங்கே வைப்பது? ஒரு சிறிய எடுத்துக்காட்டு. பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் வரும் ஒருங்கிணைந்த பள்ளி மானியம் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. ஆயிரத்துக்கு மேல் ஒரு லட்சம். சுண்ணாம்பும் துடைப்பமும் மின்கட்டணமும் கழிப்பறைச் சுத்தமும் இதற்குள்தான். 28 பிள்ளைகள் படிக்கும் காலனிப் பள்ளிக்கும் கூரை உண்டு, கழிப்பறை உண்டு. பணம் குறைந்தால் பள்ளி பொலிவிழக்கும். பொலிவிழந்தால் பிள்ளை குறையும். குறைந்தால் மானியமும் குறையும். கடைசியில் "மக்களே விரும்பவில்லை" என்று பூட்டுப் போடுவார்கள். மக்கள் கருத்து இப்படியும் தயாரிக்கப்படுகிறது. கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு அனுப்பும் நம் தாய்மாரை யாரும் குறைசொல்ல வேண்டாம். அவர்கள் சொல்லும் கருத்து அரசுப் பள்ளி வேண்டாம் என்பதல்ல; கவனிக்கப்படாத பள்ளி வேண்டாம் என்பது.

ஆகவே மாணவத் தோழர்களிடமும் களப்பணியாளர்களிடமும் நாம் கேட்பது இவைதான். அடுத்த கிராம சபையில் உங்கள் ஊர்ப் பள்ளியின் மானியம் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று வாசிக்கச் சொல்லுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் காலனித் தாய்மார்கள் பெயரளவில் இருக்கிறார்களா, நாற்காலியில் அமர்ந்து பேசுகிறார்களா என்று பாருங்கள். உங்கள் ஒன்றியத்தில் கடந்த பத்து ஆண்டுகளில் மூடப்பட்ட, இணைக்கப்பட்ட பள்ளிகளைப் பட்டியலிடுங்கள். அவை எந்தத் தெருவில் இருந்தன என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அறிவொளிக் காலத்தில் வகுப்பெடுத்த அக்காமார்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கேட்டு எழுதி வையுங்கள். இந்த மன்றம் அவற்றைத் தொகுத்து அச்சிடும்.

அம்பேத்கர் 14 அணாக் கணக்கோடு சட்டமன்றத்துக்குப் போனார். நம் கையிலும் கணக்கு இருக்க வேண்டும்.

ஜெய்பீம்.